வலக்கை வளையல்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால், ஹெல்மெட் மாட்டுவதற்கென்று அண்ணன் அடித்த ஒரு தடித்த ஆணி இருக்கிறது. அதில் என் ஹெல்மெட்டோடு ஒரு பச்சைக் கண்ணாடி வளையலும் தொங்குகிறது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அது ஹெல்மெட்டின் மேல் இடித்து ‘ணிங்’ என்று ஒரு சத்தம் போடும். உடனே வந்தவர்களுக்குக் கேள்வி வந்துவிடும். சிலிண்டர் போட வந்தவர் கேட்டார், கேபிள்காரர் கேட்டார். “இன்னாம்மா, எதுனா வேண்டுதலா?” என்று ஒருவர் கேட்டபோது ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் மற்ற வீடுகளுக்கு சிலிண்டர் போட முடியாது. இங்கே அவசரம் ஒன்றும் இல்லை, சொல்கிறேன்.

அந்த வளையல் என் அண்ணியுடையது. அண்ணி என்பது உறவுக்குத்தான். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. வியாசர்பாடிக்காரி. எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சர்வேயர் வேலை. கப்பலில் வந்து இறங்குகிற பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுதுகிறவள். அவள் கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது பீரோவும் கட்டிலும் டெம்போவில் வந்தன. அந்த டெம்போவுக்குப் பின்னாலேயே ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கை அவளே ஓட்டிக்கொண்டு வந்து சந்துக்குள் நுழைந்தாள். சந்தே வாயைப் பிளந்தது. நாத்தனார் என்ற முறையில் நான் முதல் வாரத்திலேயே ஒரு சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் வந்த மறுநாளே இன்னொரு ஹெல்மெட்டை என் கையில் திணித்து, “வா நாத்தனா, காசிமேடு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். சண்டைய அப்பால வெச்சுக்கலாம்” என்றாள். அந்தச் சண்டை இன்றுவரை பாக்கி.

அண்ணி வீடு திரும்புவதை நாங்கள் காதால்தான் அறிந்துகொள்வோம். சந்து முனையில் வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்குவாள். ஒவ்வொரு கியருக்கும் எஞ்சின் ஒரு தரம் உறுமும். அந்த உறுமல் வீம்புக்கு அல்ல என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். வேகமாகப் போகிற வண்டியில் கியரைக் கீழே இறக்கினால், அதே வேகத்துக்கு எஞ்சின் முன்னைவிட அதிகமாகச் சுற்றியாக வேண்டும். அது தயாராக இல்லாவிட்டால் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். சக்கரம் தத்தும், சறுக்கும். அதனால் இடக்கை க்ளட்சைப் பிடிக்கிற அதே கணத்தில் வலக்கை ஆக்ஸிலேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கி எஞ்சினை உசுப்பிவிட வேண்டும், இடக்கால் கியரை அமுக்க வேண்டும். அந்த முறுக்குக்கு ‘பிளிப்’ என்று பெயர். கை, கை, கால் மூன்றும் ஒரே மூச்சில். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. விழுந்து விழுந்து தானாகவே பழகியவள். லீவு நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் தளத்துக்குப் போய் ஓட்டிவிட்டு, முகமெல்லாம் கருத்து, பல் மட்டும் தெரிய வீட்டுக்கு வருவாள்.

ஒரு மழைக்காலத்தில், யார்டில் ஒரு கண்டெய்னரின் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது காற்று அந்தக் கதவை வீசி அடித்தது. அண்ணியின் இடது மணிக்கட்டு கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில் முறிந்தது. தகடு வைத்தார்கள், திருகு போட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். சாப்பிடலாம், எழுதலாம், லேசான பையைத் தூக்கலாம். ஆனால் அழுத்திப் பிடித்து விடுகிற வேலையை மட்டும் ஓயாமல் செய்யக் கூடாது. அதுதானே க்ளட்ச். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவே வேலைக்குப் போய்வருகிறவளுக்கு அதைத் தவிர வேறென்ன வேலை? அண்ணி டாக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, “நாத்தனா, ஒரு நாளைக்குக் கொஞ்சம் தபா புடிச்சா பரவால்லதானே? அவரு ஓயாம கூடாதுன்னுதானே சொன்னாரு?” என்றாள்.

அண்ணன் காசிமேட்டில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் எலெக்ட்ரீஷியன். அதிகம் பேசாதவன். அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. “ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிக்கலாம். கியரே கெடையாது. உக்காந்தமா, போனமான்னு இருக்கலாம்.” அண்ணி கோபப்படவில்லை. “வண்டி ஓட்றது வேற, வண்டில போறது வேற” என்று மட்டும் சொன்னாள். பிறகு என் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போனாள். நான் பாரிஸ் கார்னரில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறவள், பஸ்ஸில் போய்க்கொண்டேன். அண்ணியின் ரேஸ் ஹெல்மெட் பரணுக்குப் போயிற்று. சிவப்பு பைக் தார்ப்பாய்க்குள் போயிற்று. சந்தில் உறுமல் நின்றுபோனது. ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனவள் கீழே எட்டிப் பார்த்தேன். தார்ப்பாயைப் பாதி விலக்கிவிட்டு அண்ணி வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடவில்லை. இடக்கையால் க்ளட்சைப் பிடிப்பதும், பல்லைக் கடிப்பதும், விடுவதும், மறுபடி பிடிப்பதுமாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மடித்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போய், “யாரையாவது கேட்டுப் பாப்போம், இப்படியே வுட்டுட முடியாது” என்றேன்.

கேட்கத் தகுந்த ஆள் ஒருவர் வண்ணாரப்பேட்டையில் இருந்தார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ஸ்போர்ட்ஸ் பைக்குகளை மட்டுமே தொடுகிறவர். லேப்டாப் இல்லாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கமாட்டார். தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லாத மனிதர். அண்ணியின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் போயி பேஜாரு ஆய்க்கினு கீறியா? ஆட்டோ பிளிப்பர் ஒண்ணு போட்டுட்டா மேட்டர் ஓவர். கைல செய்யறத டப்பா செய்யும். நீ கால மட்டும் அமுக்கு தங்கச்சி” என்றார். காலால் கியரை அமுக்கியதும் கருவி தானே அந்த உறுமலைக் கொடுத்துவிடுமாம். கியர் ஏற்றவும் க்ளட்ச் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். கிளம்பும்போதும் நிற்கும்போதும் பிடித்தால் போதும். அது அண்ணியால் முடியும். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் குரல் வளம் சுத்தமாகக் கிடையாது, ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் சிவப்பு பைக்கிலேயே ஒன்றைப் பொருத்தினார் பாய். அது பழைய மாதிரி வண்டி; ஆக்ஸிலேட்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள்தான் போகும். அந்தக் கேபிளில் ஒரு குட்டி மோட்டாரை மாட்டினார். கியரை அமுக்கினால் மோட்டார் கேபிளை வெடுக்கென்று இழுத்து விடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுப்பள்ளி போகிற சாலையில் சோதனை. பாய் ஓட்டினார், பிரமாதமாக இருந்தது. அண்ணி ஓட்டினாள், ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் துள்ளியது. “இன்னொருத்தன் யாரோ சேந்து இழுக்கறா மாதிரி கீது பாய்” என்றாள். பாய் ஸ்பிரிங்கை மாற்றினார். மோட்டாரை மாற்றினார். கடைசியில், “வண்டி கெழம் தங்கச்சி. கேபிள்ல இழுக்கறதெல்லாம் அந்தக் காலம். எலக்ட்ரானிக் ஆக்ஸிலேட்டர் கீற வண்டிக்கு மாறு” என்றார். சிவப்பு பைக் போயிற்று, ஒரு கறுப்பு பைக் வந்தது. சிவப்பைக் கொடுப்பது அவளுக்கு லேசாக இருந்திருக்காது. ஆனால் சாவியைக் கொடுத்த பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கறுப்பு பைக்கில் இரண்டாவது கருவி. வெளிச்சந்தையில் கிடைக்கிற ஒரு சின்னப் பெட்டி. சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, கியர் கம்பியில் ஒரு சென்சாரை வைத்துக்கொண்டு, எஞ்சினுக்கு உத்தரவு போடும். இது துள்ளவில்லை. ஆனால் இதன் குணம் வேறு. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் வாயை மூடிக்கொள்ளும். எப்போது எது என்று சொல்லவே முடியாது. பாய் ஓட்டினால் மட்டும் எப்போதும் வேலை செய்யும். ஒரு நாள் காலை, திருவொற்றியூர் தாண்டிப் போகையில், முன்னால் போன டிரெய்லர் திடீரென்று மெதுவானது. அண்ணி கியரை அமுக்கினாள், பெட்டி பேசவில்லை. பதற்றத்தில் ஓங்கி மிதித்தாள். உறுமல் இல்லாமலே கியர் விழுந்தது. பின்சக்கரம் தத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ பிடித்து நிறுத்திவிட்டாள். நிறுத்திய இடத்தில் டிரெய்லரின் பின்கம்பி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்ததாம்.

இதை வீட்டில் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அண்ணனை உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை. அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே ஒரு முடிவு சொல்லு” என்றான். அண்ணி தனக்குத் தானே ஒரு கெடு வைத்தாள். “கம்பெனியே குடுக்கற பிளிப்பர் ஒண்ணு கீதாம். அத்த ஒரு தபா போட்டுப் பாக்கறேன். அதுவும் படுத்துச்சுன்னா நானே வித்துர்றேன். அப்பால உன் ஸ்கூட்டர்தான்.” அண்ணன் தலையை ஆட்டினான். எனக்கு அந்த நிமிஷத்தில் உண்மையிலேயே எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. அவள் மறுபடி ஓட்ட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அந்தப் பின்கம்பியை நினைத்தால் ஸ்கூட்டரே போதும் என்றும் தோன்றியது.

மூன்றாவது கருவி வந்தது. வண்டிக் கம்பெனி தன் வண்டிக்கென்றே செய்தது. பாய்க்கு மூன்றையும் ஒப்பிட்டுப் பேசுவதில் ஒரு குஷி. டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்: “மொதல்ல போட்டது அடாவடிப் பார்ட்டி, கேக்காமலே தள்ளி வுட்ரும். ரெண்டாவது மூடு பாத்துப் பேசற மாமியாரு. இது கவர்மென்ட் ஆபீசரு மாதிரி. எல்லாம் ரூல்ஸ்படி இருந்தாதான் கையெழுத்து போடுவாரு.” ரூல்ஸ் என்னவென்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். இதுவும் பாய்க்குக் கையெழுத்துப் போட்டது, அண்ணிக்குப் போடவில்லை. துள்ளல் இல்லை, சறுக்கல் இல்லை. ஆனால் அவள் அமுக்கும்போது கியர் கம்பி கல் மாதிரி இறுகிக்கொண்டது. பாய் லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, ஓடிய ஓட்டத்தைக் கோடுகளாகக் காட்டினார். கோட்டில் அங்கங்கே சின்னச் சின்ன மேடுகள். “பாரு, பிளிப் ஏறிக்கினு கீது பாரு. டப்பா அது வேலைய சரியாத்தான் செய்யுது” என்று ஒவ்வொரு மேட்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். மேட்டைப் பார்த்து எங்களுக்கும் சந்தோஷம். கருவி சரியாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே?

பாய் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னார். “தப்பா நெனைக்காத தங்கச்சி. உன் காலு தயங்குது. டிரெய்லர் மேட்டருக்கு அப்பால மனசுல பயம் பூந்துக்குச்சு. பயந்த காலு அரைகுறையா அமுக்கும், அதான் கியரு வுழல.” அண்ணியின் முகம் செத்துப்போனது. எலும்பு முறிந்தபோதுகூட அவள் அப்படி ஆகவில்லை. எனக்கு வந்ததே கோபம். “அந்த மேட்டருக்கு முன்னாடியே ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிச்சே, அது யாரு பயந்து? உன் மோட்டாரா?” என்று பாயிடம் வள்ளென்று விழுந்தேன். அவர் லேப்டாப்பை மூடினார். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து, “வுடு நாத்தனா. பாய், ஒரு ஆளு பாத்துக் குடு. வண்டிய குடுத்துர்றேன்” என்றாள். ராயபுரத்தில் ஒரு பையன் ரொம்ப நாளாக அந்த மாதிரி வண்டிக்கு அலைந்துகொண்டிருந்தான். வருகிற ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

அதே ஞாயிறு காலையில் மீஞ்சூரில் அண்ணியின் தங்கைக்கு வளைகாப்பு. “கடைசியா ஒரு தபா வண்டிலயே போய்ட்டு வந்துரலாம் நாத்தனா, நீ கூட வா” என்றாள். வேலை நாட்களில் அதை எடுப்பதை அவள் நிறுத்தியிருந்தாள். அன்று சாலை காலியாக இருக்கும், பழையபடி க்ளட்சைப் பிடித்தே மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பட்டுப்புடவை கட்டுகிற இடத்துக்கு நாங்கள் இருவரும் சுடிதாரும் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாகப் போய் இறங்கினோம். வாசலில் நின்ற பெரியம்மா ஒருத்தி எங்களை மேலும் கீழும் பார்த்து, “புள்ளைத்தாச்சிக்கு வளையல் போட வந்தீங்களா, வூட்ட இடிக்க வந்தீங்களா?” என்றாள். வளைகாப்பில் கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, வந்த பெண்கள் எல்லோருக்கும் வளையல் அடுக்குவார்கள் அல்லவா? வளையல் போட உட்கார்ந்திருந்த அக்கா அண்ணியின் இடக்கையைப் பிடித்து, சோப்பு நுரையைத் தடவி என்னென்னவோ செய்து பார்த்தாள். தகடு வைத்த கை தடித்துப்போயிருந்தது, மடங்கவும் இல்லை. வளையல் ஏறவே இல்லை. “போனாப் போவுது, அதுக்கும் சேத்து இதுலயே போட்டுக்கோம்மா” என்று இரண்டு கைக்கான வளையலையும் வலக்கையிலேயே அடுக்கிவிட்டாள். பச்சையும் சிவப்புமாக மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை வந்தது. நல்ல காரியத்தில் போட்டதை அன்றே கழற்றக் கூடாது என்று பெரியம்மா வேறு கட்டளை போட்டாள். ஜாக்கெட் கையை அதற்கு மேல் இழுத்தால் எல்லாம் நொறுங்கும் என்பதால், வலப்பக்கக் கையை மட்டும் முழங்கைக்கு மேல் மடித்து விட்டுக்கொண்டாள் அண்ணி.

திரும்பும்போது சாப்பிட்ட சாப்பாடு வயிற்றிலும் சாயங்காலம் வரப்போகிற பையன் மனசிலும் கனத்தன. காட்டுப்பள்ளி பக்கமாக வருகிற சாலையில் ஆளே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அண்ணி திரும்பி, “கடைசியா இங்க ஒரு தபா க்ளட்ச் இல்லாம பாக்கறேன், புடிச்சுக்கோ” என்றாள். அந்த வண்டியில் பின்சீட்டு ஓட்டுகிறவரின் சீட்டைவிட உயரம். பரண் மேல் உட்கார்ந்ததுபோல அவள் தோளுக்கு மேலாக எல்லாம் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தது வளையலைத்தான். கண்ணாடி வளையல் ஆயிற்றே, உடைந்தால் சகுனம் கிகுனம் என்று பெரியம்மா போன் போட்டுவிடுவாள். ஓட்டம் முழுக்க அவை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தன. ஆனால் அவள் கியர் இறக்குகிற நேரத்தில் மட்டும் எல்லா வளையலும் ஒன்றாகத் துள்ளின. துள்ளிய பிறகுதான் கால் அசைந்தது. அடுத்த கியருக்கும் அதே. அதற்கடுத்த கியருக்கும். உப்பளம் பக்கத்தில் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. முதுகில் தட்டி நிறுத்தச் சொன்னேன்.

“வளையல் ஒடயப் போவுது. கைய ஏன் அப்படி ஆட்டற?” என்றேன்.

“நான் எங்க ஆட்டறேன்?”

“ஆட்டற. கியரு போடறப்பல்லாம் ஆட்டற.”

“ஆட்டல நாத்தனா. இப்ப கைக்கு வேலையே கெடையாது. எல்லாம் டப்பாதான்.”

“நான் கண்ணால பாத்துகினே வரேன், என்னாண்ட டபாய்க்கிற. வளையல் எகிறி எகிறி குதிக்குது.”

சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன், வேறெதற்கும் இல்லை. அண்ணி தன் வலக்கையைக் குனிந்து பார்த்தாள். எஞ்சினை அணைத்தாள். நின்ற வண்டியில் கையை ஆக்ஸிலேட்டர் மேல் வைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில் செய்வதுபோல் காலால் கியரை அமுக்கினாள். வளையல்கள் துள்ளின. மறுபடி அமுக்கினாள். மறுபடி துள்ளின. கையைப் பார்த்துக்கொண்டே, அசைக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே, அமுக்கினாள். அப்போதும் ஒரு சின்னத் துள்ளல். வெறும் சாலையில் அந்தக் கண்ணாடிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

க்ளட்ச், முறுக்கு, கியர் என்று அத்தனை வருஷமாக ஒன்றாகச் செய்து பழகிய உடம்பு அது. இடக்கைக்கு வேலை போய்விட்டது. அந்தச் செய்தி வலக்கைக்கு வந்து சேரவே இல்லை. அது பாட்டுக்குக் கால் அசையப் போகிறது என்று தெரிந்ததும் தன் முறுக்கைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டர் முழுவதும் மூடியிருந்தால்தான் இந்தக் கருவி வேலை செய்யும்; அதுதான் ஆபீசரின் ரூல்ஸ். கை கொஞ்சம் முறுக்கினாலும், ஓட்டுகிறவள் வேகம் எடுக்கப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கிக்கொள்ளும். சின்னப் பெட்டி மௌனமானதும் அதனால்தான்; கையின் அந்த அரை முறுக்கு மட்டும் கியரை இறக்கப் போதாது. சிவப்பு பைக்கில் மோட்டாரும் கையும் சேர்ந்து இழுத்ததால் ஆட்டுக்குட்டித் துள்ளல். கூடச் சேர்ந்து இழுத்த அந்த இன்னொருத்தன் அவளேதான். ஸ்பிரிங், சென்சார், பயந்த கால் என்று மூன்று வியாதி சொன்னோம். மூன்றுக்கும் காரணம் ஒரு நல்ல கை, தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது. அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “கால் பயப்படல நாத்தனா. நான் பயப்படல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கண்டெய்னரையே இறக்கிவைத்ததுபோல் இருந்தது.

“ஏறு” என்றாள். “வளையலையே பாத்துகினு இரு. ஆடிச்சுன்னா முதுகுல ஒரு குத்து வுடு.” ஒரு நாத்தனாருக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் கிடைக்குமா? அந்த நீளச் சாலையில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஓட்டினாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு கியருக்கும் குத்து விழுந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தன் கையைத் தானே திட்டுவது காற்றோடு வந்தது: “கம்முனு கெட. கம்முனு கெட சொல்றேன்.” பிறகு குத்து குறைந்தது. ஒரு தரம், உப்பளத்துப் பக்கமாக வேகமாக வந்து பிரேக்கைப் பிடித்தாள். வளையல்களைப் பார்த்தபடி கையை ஓங்கி வைத்திருந்தேன். அவை அசையவில்லை. எங்களுக்குக் கீழே எஞ்சின் தானாக ஒரு தரம் உறுமியது, கியர் இறங்கியது. இன்னொரு உறுமல், இன்னொரு கியர். ஓங்கிய கையால் அவளைக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் ராயபுரத்துப் பையன் பாயோடு வந்துவிட்டான். சக்கரத்தில் நசுக்க எலுமிச்சம்பழம், முன்னால் போட மாலை, எல்லாத் தயாரிப்போடும் வந்திருந்தான். அண்ணி அவனை உட்காரவைத்து, வண்டி இல்லை என்பதை அவன் மனம் நோகாமல் சொன்னாள். பாய் நம்பவில்லை. லேப்டாப்பைத் திறந்து அந்தப் பழைய கோடுகளை மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “மேடு காலுக்கு முன்னாலயே ஏறிக்கீது” என்றார் மெல்ல. “டப்பாவோட மேடு காலுக்கு அப்பாலதான் வரணும். இது உன் கையி. அல்லாவே, இத்தயா நான் பிளிப்பு பிளிப்புன்னு காட்டிகினு கெடந்தேன்.” பிறகு என்னைப் பார்த்து, “உன் வாயால ஒரு நல்லது நடந்துக்கீது, குறிச்சு வெச்சுக்கோ” என்றார். அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து எல்லோருக்கும் ஜூஸ் போட்டேன். அந்தப் பையனும் குடித்தான், பாவம். மாலையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அண்ணன் இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் போன பிறகு, “ஒழுங்கா எறங்குதா?” என்று கேட்டான். “எறங்குது” என்றாள் அண்ணி. “அப்ப சரி” என்று உள்ளே போனவன் சுத்தியலோடு வந்து கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியை அடித்தான். பரணிலிருந்து அந்த ரேஸ் ஹெல்மெட்டை இறக்கித் துடைத்து அதில் மாட்டினான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள், வண்டியை எடுக்கும்போதெல்லாம் அண்ணி வலக்கையில் வளையல் போட்டுக்கொண்டு பழகினாள். ஒவ்வொன்றாக உடைந்துபோய் ஒரே ஒரு பச்சை வளையல்தான் மிஞ்சியது. அது தேவைப்படாமல் போன அன்று அதைக் கழற்றி ஹெல்மெட்டோடு ஆணியில் மாட்டிவிட்டாள். இப்போது அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் பக்கமாக மீஞ்சூரில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். இந்த வீட்டில் நான் இருக்கிறேன். பல ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வருவாள். சந்து முனையில் அந்த உறுமல் இன்னும் கேட்கிறது. முன்பு அது அவள் கை போட்டது, இப்போது வண்டி போடுகிறது. கேட்கிற காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எப்படியானாலும் நான் டீக்குப் பால் வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு வந்தவள், எண்ணூர் வரை போய் வரலாம் என்று என்னை ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் ஓரமாக நிறுத்தினாள். “இன்னா நாத்தனா, கியர் எறக்கறப்பல்லாம் என் சட்டையப் புடிச்சு முறுக்கற?” என்றாள். நான் எங்கே முறுக்கினேன் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். என் வலக்கை அவள் தோள்பக்கத்து ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தது. துணி கசங்கிச் சுருண்டிருந்தது. டிரெய்லரின் அந்தப் பின்கம்பியை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் சொன்னதைக் கேட்டதோடு சரி. இருந்தும் இத்தனை வருஷமாக அவள் கியர் இறக்குகிற ஒவ்வொரு தடவையும் பின்னால் உட்கார்ந்து என் கை அவளுக்காக முறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அண்ணி வண்டியைத் திருப்பி வீட்டுக்கே வந்தாள். கதவுக்குப் பின்னால் கையை விட்டு வளையலை எடுத்து என் கையில் மாட்டினாள். “இன்னிக்கி நீ போட்டுக்கோ. சைடு கண்ணாடில நான் பாத்துகினே வருவேன்” என்றாள்.

திருவொற்றியூர் வரை அது துள்ளிக்கொண்டேதான் வந்தது. அவள் முழங்கையால் என்னை இடித்துக்கொண்டே வந்தாள். எண்ணூர் நெருங்கும்போது தூரத்தில் ஒரு கப்பல் நின்றிருந்தது. அடுக்கிய பெட்டிகள் வெயிலில் தெரிந்தன. அண்ணியின் யார்டுக்கு வருகிறவையாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். முன்னால் ஒரு டிரெய்லர் மெதுவானதும், எஞ்சின் உறுமியதும், கியர் ஒவ்வொன்றாக இறங்கியதும், நாங்கள் அதைக் கடந்து போனதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. குனிந்து பார்த்தேன். என் கை மடியில் கிடந்தது. வளையல் அதன் மேல் அசையாமல் கிடந்தது. முன்னால் கண்ணாடியில் அண்ணியின் கண்கள் சிரித்தன.

சாயங்காலம் அவளை வழியனுப்பிவிட்டு வந்து, வளையலைக் கழற்றி ஹெல்மெட்டோடு ஆணியில் மாட்டினேன். கதவைச் சாத்தியபோது அது ‘ணிங்’ என்றது.